வீரம்மாவுக்கு நாலு உடம்பு

கொழும்பில் ஒரு நிலையம் இருந்தது. அதன் முழுப்பெயர் சகலரையும் உள்வாங்கும் புற்றுநோய் மருந்தாய்வு மற்றும் சமவாய்ப்பு மேம்பாட்டு நிலையம். இந்தப் பெயரை ஒரே மூச்சில் சொல்லத் தெரிந்தவர்களைத்தான் அங்கே வேலைக்கு எடுப்பார்கள் என்று வாசல் காவலாளி சொல்வார். நாம் நிலையம் என்றே சொல்லிக்கொள்வோம், நமக்கும் வேலை இருக்கிறது.

புது மருந்துகளைப் புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, கேட்கிறதா இல்லையா என்று வெளிநாட்டுக்கு எழுதி அனுப்புவது நிலையத்தின் தொழில். பல வருடமாக அது ஒழுங்காகத்தான் நடந்தது. ஒருநாள் நிதி கொடுக்கிற வெளிநாட்டுக்காரர்கள், இதுவரை ஆய்வில் சேர்ந்தவர்களின் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டு, "இவர்கள் எல்லோரும் ஒரே கல்யாணத்துக்கு வந்தவர்கள் மாதிரி இருக்கிறார்களே, உங்கள் நாட்டில் வேறு ஜனங்கள் கிடையாதா?" என்று கேட்டார்கள். கிடையாதா என்று பார்க்க நிலையம் உடனே ஒரு குழு போட்டது. குழு பலமுறை கூடி, உண்டு என்று கண்டுபிடித்தது. நாட்டின் நடுவில் மலைகள் இருப்பதாகவும், அங்கே தேயிலை விளைவதாகவும், அதை யாரோ பறிப்பதாகத் தெரிய வருவதாகவும் அறிக்கை எழுதினார்கள். அந்தக் கூட்டங்களில் குடித்த தேத்தண்ணியும் அங்கிருந்துதான் வந்தது என்பதை எழுத அறிக்கையில் இடம் போதவில்லை.

ராகலைக்கு மேலே இருக்கும் கொக்குமலைத் தோட்டத்துக்கு இப்படித்தான் அதிர்ஷ்டம் அடித்தது.

அந்தத் தோட்டத்து மேல்பிரிவு லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய காம்பரா வீடுகளில் ஒன்றில், வீரம்மா இருந்தாள். நாற்பத்தெட்டு வயது. புருஷன் இல்லை. மார்பில் கட்டி வந்து, பெரிய ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்து, ஒரு வருடம் அடங்கியிருந்த கட்டி மறுபடியும் தலை தூக்கியிருந்தது. கிளினிக் டாக்டர் நல்ல மனுஷி. ஒளிக்காமல் சொன்னார்: "பழைய மருந்துக்கு இனி இது கேக்காதும்மா. கொழும்புல ஒரு புது மாத்திரை குடுத்துப் பாக்குறாங்க. அந்த ஆய்வுல உங்களச் சேத்துக்கிட்டா ஒரு வழி இருக்கு." வீரம்மாவுக்குச் சாக விருப்பமில்லை. ஒரு மனுஷிக்கு அதற்கு மேல் காரணம் வேண்டுமா என்ன? மாத்திரை கிடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே நிலையத்தின் வெள்ளை வாகனம் பேனர் கட்டிக்கொண்டு மலையேறியபோது வீரம்மா முதல் ஆளாகப் போய் நிற்க நினைத்தாள். ஆனால் அவளுக்கு முன்னால் முந்நூறு பேர் நின்றார்கள். கையில் ஆளுக்கொரு உரப்பை. மண்சரிவு, வெள்ளம், கொரோனா என்று எந்தக் காலத்திலும், பேனர் கட்டிய வெள்ளை வாகனம் மலையேறினால் அது நிவாரணம் என்றுதான் கொக்குமலையின் அனுபவம். தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் சின்னராசா லயம் லயமாக வரிசை பிரித்து, கைப்பிள்ளைக்காரிகளை முன்னால் விட்டு, அருமையாக ஒழுங்கு செய்திருந்தார்.

நிலையத்தின் பணிப்பாளர் பேராசிரியர் யோகேஸ்வரன் வாகனத்தை விட்டு இறங்கியதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"எவ்வளவு ஆர்வம்! மருத்துவ ஆய்வில் பங்கேற்க இவ்வளவு பேரா! படம் எடுங்கள், படம் எடுங்கள்."

"ஐயா, என்னாங்க கொண்டாந்திருக்கீங்க?" என்று தலைவர் பணிவாகக் கேட்டார். "அரிசியா, மாவா?"

"அதையெல்லாம் விடப் பெரியது. வாய்ப்பு!"

"சந்தோசங்க. தலைக்கு எத்தனை கிலோங்க வரும்?"

பணிப்பாளர் இதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு, கைப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவின் வாசலில் ஏறி நின்று பேசினார். "அன்பான மலையக உறவுகளே! இத்தனை காலம் உங்களை மறந்திருந்தோம். இனி ஒருபோதும் மறக்க மாட்டோம். மறந்தால் அடுத்த தவணை நிதி வராது என்று எழுத்திலேயே சொல்லிவிட்டார்கள். உங்களுக்கும் புது மருந்துக்கும் நடுவில் எத்தனையோ தடைகள். அவற்றைக் கவனிக்க எங்களிடம் தடைகள் பிரிவு என்றே தனியாக ஒரு பிரிவு இருக்கிறது. முன்பு அதில் இரண்டு பேர். இப்போது பதினொரு பேர். தடைகள் பெருகப் பெருக நாங்களும் வளர்வோம் என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்."

கைதட்டினார்கள். தட்டினால் சீக்கிரம் சாமான் இறக்குவார்கள் என்பதும் அனுபவம்தான். கடைசியில் இறங்கியது ஆளுக்கொரு தொப்பி. "நானும் உள்ளடக்கம்" என்று அதில் அச்சடித்திருந்தது. தொப்பியை உரப்பைக்குள் போட்டுக்கொண்டு கூட்டம் கலைந்ததும், கட்டியோடு நின்றது வீரம்மா மட்டும்தான்.

நிலையத்தின் தடைகள் பிரிவில் மொழிபெயர்க்கவும் ஓடியாடவும் ஷாமிலா என்ற பெண் இருந்தாள். நுவரெலியா டவுனில் பிறந்தவள். அவள்தான் வீரம்மாவை உட்கார வைத்து விரலில் குத்தி இரத்தம் பார்த்தாள். ஹீமோகுளோபின் எட்டு காட்டியது. பதினொன்று இருக்க வேண்டுமாம்.

பணிப்பாளர் மிகவும் வருத்தப்பட்டார். "அம்மா, நீங்கள் போதிய ஆரோக்கியமாக இல்லை. இந்த ஆய்வு நல்ல ஆரோக்கியமான புற்றுநோயாளிகளுக்கானது."

"கொழுந்து பறிக்கிற பொம்பளைங்களுக்கு எட்டுங்கிறதே நல்ல இரத்தந்தாங்க," என்றாள் வீரம்மா.

"அதுவும் ஒரு தடைதான்," என்று பணிப்பாளர் உற்சாகமாகி, பக்கத்தில் நின்றவரைக் குறித்துக்கொள்ளச் சொன்னார். "மனம் தளராதீர்கள். அடுத்த மாதமும் வருவோம். பதினொன்றோடு வாருங்கள்."

இன்னும் நிபந்தனைகள் இருந்தன. ஆறு நிமிடம் நிற்காமல் வேகமாக நடந்து காட்ட வேண்டும். வாழ்க்கைத் தரம் பற்றிய கேள்விகளுக்குத் தெம்பாகப் பதில் சொல்ல வேண்டும். மாத்திரை வைக்க வீட்டில் பிரிட்ஜ் வேண்டும். வீரம்மா வீட்டில் வெயில் காலத்திலும் பச்சைத் தண்ணீரில் கை வைக்க முடியாது, ஆனால் குளிர் கணக்கில் வராது, பிரிட்ஜ்தான் வேண்டும் என்றார்கள்.

மறுநாள் மலையில் பத்து மணித் தேத்தண்ணிக்கு உட்கார்ந்தபோது வீரம்மா இதைச் சொல்லி அழுதாள். கட்டி மறுபடி வந்தது என்று டாக்டர் சொன்னபோதுகூட அழாதவள். மருந்து இருக்கிறது, ஆனால் உனக்கு இல்லை என்பது வேறு மாதிரி வலிக்கிறது.

கொக்குமலையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்திக்கு முடியாத நாளில், நிரையில் பக்கத்தில் நிற்பவர்கள் ஆளுக்கொரு பிடி கொழுந்தை அவள் பைக்குள் போடுவார்கள். நிறுக்கிற இடத்துக்கு வரும்போது அவளுக்கும் கிலோ சரியாக இருக்கும். எந்தக் கை பறித்தது என்று தராசு கேட்பதில்லை.

"கிலோ கொறைஞ்சா போடுறோம்ல, இதுவும் அப்புடித்தான்," என்றாள் பிரேமினி. அவள் பக்கத்துக் காம்பராக்காரி. எதைத் தின்றாலும் இரத்தமாக்கிக்கொள்ளும் உடம்பு. "இரத்தத்த நான் குடுக்குறேன்க்கா. லோஜினி நடக்கட்டும், அவ கால் ஆட்டுக்குட்டி கால். கேள்விக்கு லெட்சுமியக்கா போகட்டும். கங்காணியே அவ வாய்க்குப் பயப்புடுறாரு, கொழும்பு ஆளு எம்மாத்திரம்?"

"கண்டுபுடிச்சிட்டா?" என்றாள் வீரம்மா.

"நம்மள யாருக்கா உத்துப் பாத்தாங்க இத்தன நாளா?" என்றாள் லெட்சுமி.

அவள் சொன்னது சரியாகவே இருந்தது. அடுத்த மாதம் பிரேமினி, தலையில் தொப்பியும் முகத்தில் மாஸ்க்குமாக, வீரம்மாவாகப் போனாள். பதின்மூன்று காட்டியது. பணிப்பாளர் துள்ளிக் குதித்தார். "எங்கள் தொப்பி கொடுத்த தன்னம்பிக்கை!" என்றார். அதற்கடுத்த முறை லோஜினி வீரம்மாவாக நடந்தாள். நேரம் பார்க்க அவள் பின்னாலேயே போன அதிகாரி, பாதியில் ஒரு தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவரைத் தூக்கிவர லோஜினிதான் திரும்பிப் போக வேண்டியிருந்தது.

கேள்விகளுக்கு லெட்சுமி போனாள்.

"மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குகிறதா?"

"எங்க லயத்துல மாடி இல்லீங்க. மலை இருக்கு."

"ஓய்வு நேரத்தில் நீச்சல், தோட்ட வேலை போன்றவற்றில் ஈடுபடுவதுண்டா?"

"தோட்ட வேலைங்களா? அது நெதமும் செய்யிறோங்க. பாட்டனுக்குப் பாட்டன் காலத்துலேருந்து செய்யிறோம்."

"மிகச் சுறுசுறுப்பானவர்," என்று எழுதிக்கொண்டார்கள்.

பிரிட்ஜுக்கு ராகலை பஜாரில் கடை வைத்திருக்கும் நூர்தீனிடம் வீரம்மாவே போய்க் கேட்டாள். அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, "வச்சிக்கங்க. மருந்தால ஐஸ்கிரீமுக்கு ஒன்னும் வந்துராதே?" என்றார். பரிசோதிக்க வந்த அதிகாரிகள் அதுவே வீரம்மாவின் வீடு என்று நினைத்து, இருபது வகை பிஸ்கட்டும் மூன்று மூட்டைப் பருப்பும் அடுக்கியிருப்பதைப் பார்த்து, போஷாக்கு நிலை திருப்திகரம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

மிச்சம் ஸ்கேன் ஒன்றுதான். "கட்டிய மட்டும் நாங்க கொண்டுபோக ஏலாதுக்கா," என்று பிரேமினி சொன்னாள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்கு மட்டும் வீரம்மா போனாள்.

பல முகங்களைத் தேடி மலையேறி வந்த நிலையத்துக்கு நாலு முகமும் ஒன்றாகவே தெரிந்தது. ஷாமிலாவுக்கு மட்டும் முதல் வீரம்மாவின் முகம் நினைவிருந்தது, அவளுக்கு இல்லாத தழும்பு இரண்டாவது வீரம்மாவின் நெற்றியில் இருந்ததும் தெரிந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அதையும் ஒரு தடையாகக் குறித்துக்கொள்வார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

இரத்தம் பதின்மூன்று, நடையில் மான், பேச்சில் வக்கீல், வீட்டில் ஐஸ்கிரீம், மார்பில் அளந்து பார்க்கத் தோதான கட்டி. இப்படி ஒரு நோயாளி உலகத்தில் எந்த ஆய்வுக்கும் கிடைத்ததில்லை. வீரம்மா தெரிவு செய்யப்பட்டாள். அந்தச் செய்தி வந்த அன்று அவள் கோயிலுக்குப் போய் நாலு தேங்காய் உடைத்தாள்.

ஆனால் மாத்திரை வரவில்லை. வந்தது அழைப்பிதழ்.

நுவரெலியாவில் ஒரு பெரிய ஓட்டலில் உள்ளடக்க விழா. அழைப்பில் வீரம்மா என்றுதான் இருந்தது, ஆனால் எந்த வீரம்மா என்று இல்லை. தலைவர் சின்னராசாவிடம் கேட்டார்கள். அவர் யோசித்து, "எதுக்கும் முழு வீரம்மாவும் போங்க," என்று தீர்ப்புச் சொன்னார்.

விழாவில் முதலில் கொழுந்து நடனம். கொழும்பிலிருந்து வந்த பெண்கள் பட்டுச்சேலை கட்டி, கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, சிரித்துச் சிரித்துப் பறித்தார்கள். இவ்வளவு சிரித்துக்கொண்டு கொழுந்து பறிக்கிறவர்களை வீரம்மா பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. கையில் ஒரு இலைகூட இல்லை என்பதால் சந்தோஷமாக இருக்கிறார்களோ என்னவோ. லோஜினி குளிரில் நடுங்கினாள். லெட்சுமி மேசையில் இருந்த கேக்கை மூன்று பேருக்கும் பங்கு வைத்தாள். வீரம்மாவுக்கு எதுவும் இறங்கவில்லை. அந்த வாரம் முழுக்க வலி இருந்தது. மேடையை விட்டு அவள் கண்ணை எடுக்கவில்லை, மாத்திரையை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தேடிக்கொண்டிருந்தாள்.

பணிப்பாளர் ஒலிவாங்கியைப் பிடித்தார். "இந்த மலையின் மகள், எங்கள் முதல் பங்கேற்பாளர், ஆறு மாதமாக எங்களோடு தோளோடு தோள் நின்றவர், வீரம்மா அவர்களை மேடைக்கு அழைக்கிறேன்!"

நாலு பேரும் எழும்பினார்கள்.

பணிப்பாளர் ஒரு கணமும் தயங்கவில்லை. நாலு பேரில் பார்க்க நன்றாக இருந்தவளாகப் பார்த்து, பிரேமினியின் கையைப் பிடித்து மேடைக்கு ஏற்றி, பொன்னாடை போர்த்தினார். முன்வரிசையில் நிதி கொடுக்கிற வெளிநாட்டு அம்மையார் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, ஷாமிலா மூலமாகக் கேட்டார்: "இப்போது உங்களுக்கு எப்படி இருக்கிறது?"

பிரேமினி பொன்னாடையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு ஒன்னும் இல்லீங்க," என்றாள். "நல்லா இருக்கேன்."

"பார்த்தீர்களா!" என்றார் பணிப்பாளர். "மருந்து தொடங்குவதற்கு முன்பே பலன்!"

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. அந்தக் கைதட்டலுக்கு நடுவில்தான் வீரம்மாவுக்கு ஒன்று புரிந்தது. இவர்களுக்குக் காரியம் முடிந்துவிட்டது. பொன்னாடை போர்த்தாயிற்று, கை தட்டியாயிற்று, இனி எல்லோரும் சாப்பிடப் போவார்கள். அவள் நேரே மேடைக்கு ஏறினாள்.

"ஐயா, நான்தாங்க வீரம்மா. நோவு எனக்குத்தாங்க. இவ பிரேமினி, இரத்தம் மட்டுந்தான் குடுத்தா. நடந்தது அந்தா நிக்கிற லோஜினி. பேசுனது கேக்கு தின்னுக்கிட்டிருக்கிற லெட்சுமி. கோவிச்சுக்காதீங்க. எனக்கு எப்பங்க மாத்திரை குடுப்பீங்க?"

பணிப்பாளர் நாலு பேரையும் பார்த்தார். ஆறு மாதத்தில் முதல் தடவையாக உற்றுப் பார்த்தார். உண்மையில் நாலு பேர்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அம்மா, உங்களைச் சேர்த்துக்கொள்வது ஒரு பிரிவு," என்றார். "மாத்திரை கொடுப்பது வேறு பிரிவு. அவர்களுக்கு இன்னும் உங்களைப் பற்றி எழுதவில்லை. ஆண்டறிக்கை வேலை முடியட்டும்."

"அதுவரைக்கும் நான் இருக்கணுமேங்க," என்றாள் வீரம்மா.

வெளிநாட்டு அம்மையார் முகத்தைச் சுருக்கிக்கொண்டு, இந்தப் பெண் என்ன சொல்கிறார் என்று கேட்டார். ஷாமிலா பணிப்பாளர் பக்கம் திரும்பி, மிகவும் மரியாதையாக, தமிழில் கேட்டாள்.

"சேர், ரெண்டு விசயம் சொல்லியிருக்காங்க. இத்தன நாளும் வந்தது நாலு பேர்னு சொன்னாங்க. மருந்து எப்பன்னும் கேட்டாங்க. எதை மொழிபெயர்க்கட்டும்?"

பணிப்பாளர் முன்வரிசையைப் பார்த்துக்கொண்டார். "இரண்டாவதை."

"அப்ப அதுக்குப் பதிலும் சொல்லணும் சேர். மேடம் தேதி கேப்பாங்க."

"திங்கட்கிழமை," என்றார் பணிப்பாளர்.

ஷாமிலா அதை ஒலிவாங்கியிலேயே மொழிபெயர்த்தாள். அம்மையார் திங்கட்கிழமை தானும் வந்து பார்ப்பதாகச் சொன்னார். மறுபடியும் எல்லோரும் கைதட்டினார்கள். இந்த முறை வீரம்மாவும் தட்டினாள்.

திங்கட்கிழமை நிலையத்து வாகனமே மலையேறி வந்து நாலு பேரையும் ஏற்றிக்கொண்டு போனது. மாத்திரைப் பிரிவு என்பது கொழும்பில் நிலையத்தின் பின்பக்கத்தில் ஒரு சின்ன அறை. அங்கே ஒரு வயதான டாக்டர், பேனர் எதுவும் இல்லாமல், தனியாக வேலை செய்துகொண்டிருந்தார். வீரம்மாவுக்கு இரத்தம் பார்த்தார். எட்டு.

வீரம்மா கண்ணை மூடிக்கொண்டாள். மறுபடியும் முதல் படி.

"எட்டுதானே?" என்றார் டாக்டர். "இரத்தம் ஏத்தினாச் சரி. ஆரம்பிக்கும்போது பதினொன்னு இருக்கணும்னுதான் விதி. பொறந்ததுலேருந்து இருக்கணும்னு இல்ல. இத ஆறு மாசத்துக்கு முந்தியே செஞ்சிருக்கலாமே, ஏன் யாரும் எங்கிட்ட சொல்லல?"

"நாங்க தடைகள் பிரிவு டாக்டர்," என்றாள் ஷாமிலா. "தடையைக் குறிச்சுக்கிறதோட எங்க வேலை முடிஞ்சிரும்."

பக்கத்து ஆஸ்பத்திரியில் வீரம்மாவைப் படுக்க வைத்தார்கள். பிரேமினி கேட்கவே இல்லை, சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு இரத்த வங்கியில் போய் உட்கார்ந்துவிட்டாள். இரத்த வகையும் பொருந்துகிறது என்றார்கள். அங்கே பல பேருடைய பைகள் இருந்தன, வீரம்மாவுக்கு ஏறியது யாருடையது என்று உறுதியாக யாராலும் சொல்ல முடியாது. பிரேமினிக்கு மட்டும் அதில் சந்தேகமே இல்லை.

இரண்டு நாள் கழித்து மாத்திரை கைக்கு வந்தது. கேட்குமா கேட்காதா என்பது இனிமேல்தான் தெரியும், அதைப் பார்க்கத்தானே ஆய்வு. முதல் மாத்திரையை வீரம்மா எல்லோருக்கும் முன்னால் விழுங்கினாள். வெளிநாட்டு அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்த முக்கியமான தருணத்தில் நிலையம் கற்றுக்கொண்ட பாடம் என்ன என்று பணிப்பாளர் ஒரு சிறு உரை ஆற்றத் தொடங்கினார்.

பிரேமினி குறுக்கே கை நீட்டினாள். ஊசி குத்திய இடத்தில் ஒட்டிய பஞ்சை அவள் இன்னும் எடுக்கவில்லை.

"ஐயா, அன்னைக்கு நீங்க பாத்ததும் என் இரத்தந்தாங்க. இப்ப அக்காவுக்கு ஏத்துனதும் என் இரத்தந்தாங்க. நடுவுல ஆறு மாசம் எதுக்குங்க?"